குடியை விட்டவர்கள் கூடும் இடம்: பாலக்காட்டு எல்லையில் ஏ.ஏ. கூட்டம் தேடுவோருக்கு ஒரு வழிகாட்டி

மாதம் ஒன்றாம் தேதி கேரளத்தில் பெவ்கோ, அதாவது அரசு மதுக்கடை, திறக்காது. கொழிஞ்சாம்பாறையிலோ வேலந்தாவளத்திலோ குடிக்கிற யாருக்கும் காலண்டரைப் பார்க்காமலே இது தெரியும். அன்றைக்கு கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் போய்விடுவோம். மற்ற நாளில் டாஸ்மாக் பகல் 12 மணிக்குத்தான் திறக்கும், பெவ்கோ காலை 10 மணிக்கே திறந்துவிடும். ஆகக் காலையில் கை நடுங்கினால் இந்தப் பக்கம், ராத்திரி ஒன்பதுக்கு மேல் தாகமெடுத்தால் அந்தப் பக்கம். கள் தமிழ்நாட்டில் 1987 முதல் தடை. அதற்குப் பொள்ளாச்சிக்காரர்கள் எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவுக்கு வருவார்கள், நாங்கள் கள்ளு ஷாப்பில் பெஞ்சு நகர்த்தி இடம் கொடுப்போம்.

இத்தனை டைம்டேபிளையும் மனப்பாடமாக வைத்திருந்த எனக்கு, குடியை நிறுத்தியவர்கள் கூடுகிற இடம் ஒன்று பஸ்ஸில் அரை மணி நேரத் தூரத்தில் இருப்பது நாலு வருஷமாகத் தெரியவில்லை. யாரும் மறைக்கவில்லை. நான் தேடவில்லை. தேட ஆரம்பித்தபோது எப்படித் தேடுவது என்று சொல்ல ஆளில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். பெயர் போடவில்லை. ஏன் என்பது போகப் போகப் புரியும்.

ஏ.ஏ. என்றால் என்ன

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதாவது பெயர் வெளியிடாத குடிநோயாளிகள், என்பதைத்தான் எல்லோரும் ஏ.ஏ. என்கிறார்கள். 1935இல் அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்து ஆக்ரன் நகரில் இரண்டு குடிகாரர்கள் சந்தித்துப் பேசியதில் ஆரம்பித்தது. ஒருவர் பங்குச்சந்தைக்காரர், இன்னொருவர் அறுவைச் சிகிச்சை டாக்டர். குடியால் கெட்டவன் இன்னொரு குடிகாரனிடம் தன் கதையைச் சொன்னால் சொன்னவனும் அன்றைக்குக் குடிக்காமல் இருக்கிறான் என்பதுதான் அவர்கள் கண்டுபிடித்த சங்கதி. இந்தியாவுக்கு 1957இல் டெல்லி வழியாக வந்தது.

கட்டணம் கிடையாது. பதிவேடு கிடையாது. ஆதார் கேட்க மாட்டார்கள். குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை ஒன்றுதான் சேருவதற்கான தகுதி. அந்த ஆசை அரைகுறையாக இருந்தாலும் போதும் என்பது என் அனுபவம். நான் போனபோது கால்வாசிதான் இருந்தது.

முதலில் டாக்டர், அப்புறம்தான் கூட்டம்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

எங்கள் தெருவில் ஒருவர் கார்த்திகையில் மாலை போட்டார். தினமும் காலை எழுந்ததிலிருந்து படுக்கும்வரை குடித்தவர். மாலை போட்ட அன்றைக்கே ஒரேயடியாக நிறுத்திவிட்டார். மறுநாள் கையெல்லாம் நடுங்கியது, சட்டை வியர்வையில் நனைந்தது. விரதம் உடம்புக்குப் பழகவில்லை என்றார்கள். இரண்டாம் நாள் விடியற்காலை குளிக்கப் போன இடத்தில் வலிப்பு வந்து விழுந்தார். மூன்றாம் நாள் சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கையால் தட்டிக்கொண்டே இருந்தார். சுத்தம் தப்பிவிட்டது, சாமி குத்தம் என்று வீட்டில் அழுதார்கள். சாமிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நாள் முழுக்க சாராயத்துக்குப் பழகிய மூளை, அது திடீரென்று நின்றதும் படுகிற பாடு அது.

நிறுத்திய ஆறிலிருந்து எட்டு மணி நேரத்தில் நடுக்கமும் பதற்றமும் தொடங்கலாம். வலிப்பு பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். இல்லாததைப் பார்ப்பது, ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றுவது, காய்ச்சல், படபடப்பு எல்லாம் சேர்ந்த கடுமையான நிலை இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் வரக்கூடும். கவனிக்காமல் விட்டால் உயிர் போகும். கஞ்சா, சிகரெட் விடுகிறவர்களுக்கு இல்லாத ஆபத்து இது.

ஆகவே தினமும் குடிக்கிறவர், காலையில் குடித்தால்தான் கை நிற்கும் என்ற நிலையில் இருப்பவர், முன்பு ஒரு தடவையாவது வலிப்பு வந்தவர், இந்த மூன்று பேரும் டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். ஒரு வாரம் பத்து நாள் மருந்து கொடுத்து, வைட்டமின் பி1 ஊசி போட்டு இறக்குவார்கள். தாலுகா ஆஸ்பத்திரியில் கேட்டால் மனநல டாக்டர் எந்த நாளில் எங்கே இருப்பார் என்று சொல்வார்கள். கேரளப் பக்கம் இருப்பவர்களுக்கு எக்சைஸ் துறையின் விமுக்தி திட்டத்தில் மாவட்டந்தோறும் சிகிச்சை மையம் உண்டு, அதன் எண் 14405. மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446. மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416, தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். வலிப்பு வந்துவிட்டால் இந்த எண்களையெல்லாம் தேடிக்கொண்டிருக்காதீர்கள், 108.

இன்னொன்று. பஸ் ஸ்டாண்டு சுவரில், மூத்திரச் சந்தில், "குடிப்பவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுக்கலாம்" என்ற போஸ்டரைப் பார்த்திருப்பீர்கள். என் வீட்டிலும் அப்படி ஒரு பொடி வாங்கி ரசத்தில் கலந்தார்கள். எனக்குத் தெரியாது. அதைச் சாப்பிட்டுவிட்டுப் போய்க் கள்ளு குடித்தேன். முகம் சிவந்து, நெஞ்சு அடித்துக்கொண்டு, வாந்தியில் கிடந்தேன். பொடியில் என்ன இருந்தது என்று இன்றுவரை தெரியாது. குடித்தால் உடம்பு ஒத்துக்கொள்ளாமல் செய்கிற மருந்து உண்மையில் உண்டு. டாக்டர் பரிசோதித்து, சாப்பிடுகிறவருக்குச் சொல்லி, அவர் சம்மதத்தோடு கொடுக்க வேண்டியது அது. தெரியாமல் கொடுத்தால் விஷம்.

எந்தக் கூட்டத்தைத் தேடுகிறீர்கள்

எங்கள் பக்கத்தில் குடி நிறுத்துவது என்ற பெயரில் பலதும் நடக்கிறது. தியானத்துக்குப் போவது, கோயிலில் கயிறு கட்டுவது, மாலை போடுவது, மறுவாழ்வு மையத்தில் மூன்று மாதம் சேர்ப்பது. எதையும் நான் குறை சொல்லவில்லை. 41 நாள் விரதத்தில் குடிக்காமல் இருந்த வருஷம் ஏழு எனக்கு உண்டு. மலையிறங்கி மாலையைக் கழற்றிய மறுநாள் குடித்த வருஷமும் அதே ஏழு. நிறுத்துவது எனக்குப் பெரிய விஷயமாகவே இருந்ததில்லை. நிறுத்தினதை 42ஆம் நாளும் அப்படியே வைத்திருப்பதுதான் முடியவில்லை. கூட்டம் அந்த 42ஆம் நாளுக்கானது.

மறுவாழ்வு மையம் வேறு, ஏ.ஏ. வேறு. மையத்தில் படுக்கை, சாப்பாடு, டாக்டர், பில் எல்லாம் உண்டு. மையங்களுக்கு மாநில மனநல ஆணையத்தின் பதிவு வேண்டும், சேர்க்கும் முன் அந்தச் சான்றிதழைக் கேளுங்கள். ஏ.ஏ. கூட்டம் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஏ.ஏ. என்று சொல்லி யாராவது சேர்க்கைக் கட்டணம் கேட்டால் அது ஏ.ஏ. இல்லை.

ஏ.ஏ.விலேயே இரண்டு வகை. மூடிய கூட்டத்துக்குக் குடிநோயாளிகள் மட்டும் போகலாம். திறந்த கூட்டத்துக்கு மனைவி, அண்ணன் தம்பி, நண்பர், நர்சிங் மாணவர் என்று யாரும் வரலாம். முதல் தடவை துணைக்கு ஆளோடு போவதானால் திறந்த கூட்டமா என்று கேட்டுக்கொண்டு போங்கள். வெளியே நிறுத்தப்பட்டால் கூட வந்தவருக்கு மனசு சுருங்கிவிடும்.

எங்கே தேடுவது

இணையத்தில் ஏ.ஏ.வின் இந்திய அலுவலகப் பக்கம் இருக்கிறது. அலுவலகம் மும்பையில். ஊர் வாரியாக உதவி எண்கள் கிடைக்கும். அங்கிருந்து தொடங்குவது சரி, ஆனால் அதோடு நிற்காதீர்கள். பட்டியலில் இருக்கிற கூட்டம் நேரில் இல்லாமல் போவதும், நேரில் இருக்கிற கூட்டம் பட்டியலில் இல்லாமல் போவதும் சகஜம். பெரும்பாலான குழுக்களுக்குச் சொந்த இடம் கிடையாது. பள்ளிக்கூட வகுப்பறை, சர்ச் ஹால், வாசகசாலை மாடி, எது வாடகைக்கு ஒத்து வருகிறதோ அது. ஏப்ரல் மே லீவில் பள்ளிக்கூடத்தைப் பூட்டினால் கூட்டம் வேறு இடத்துக்குப் போய்விடும்.

எனக்கு நேர்ந்தது இதுதான். யாரோ கொடுத்த பழைய நோட்டீஸில் இருந்த விலாசத்துக்குப் போனேன். ஆடி மாதச் சாரல். ஹால் பூட்டியிருந்தது. கேட்டில் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிஷம் நின்றேன். எதிரில் பேக்கரி, பேக்கரிக்குப் பக்கத்துச் சந்தில் பார். பூட்டிய கதவைவிட நல்ல சாக்கு ஒரு குடிகாரனுக்குக் கிடைக்காது. அடுத்த தடவை தேட எட்டு மாதம் ஆயிற்று.

தேடும்போது இரண்டு மொழியிலும் தேடுங்கள். தமிழில் குடிநோய், மது மீட்பு, ஏ.ஏ. கூட்டம். மலையாளத்தில் மத்ய விமுக்தி, ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் பாலக்காடு. பாலக்காடு, பொள்ளாச்சி, கோயம்புத்தூர், திருச்சூர் நாலையும் போட்டுப் பாருங்கள். ஒரே ஊர்ப் பெயரில் தேடினால் எல்லைக்கு அந்தப் பக்கம் பத்து கிலோமீட்டரில் நடப்பது கண்ணில் படாது.

ஆனால் எனக்கு விவரம் கிடைத்தது போனிலிருந்து இல்லை, ஒரு நர்ஸிடமிருந்து. டிரிப் கழற்றும்போது மெதுவாகச் சொன்னார்: "வியாழக்கிழமை சாயங்காலம் நம்ம வார்டுல இருந்து ரெண்டு பேரைக் கூட்டிட்டுப் போக ஆள் வருவாங்க, நீங்களும் போறீங்களா?" பல ஆஸ்பத்திரிகளில் ஏ.ஏ. உறுப்பினர்கள் வந்து நோயாளிகளிடம் பேசுவது வழக்கம். மனநலப் பிரிவு நர்ஸ், கவுன்சிலர், ஆஸ்பத்திரி சமூகப் பணியாளர், இவர்களுக்குத் தெரிந்தது கூகுளுக்குத் தெரியாது. சர்ச் அலுவலகத்தில் கேட்கலாம். நீங்கள் கிறிஸ்தவரா என்று யாரும் கேட்க மாட்டார்கள், ஹால் யாருக்கு எந்தக் கிழமை வாடகை என்பது அங்கே எழுதியிருக்கும். குழுவுக்கு விடியல், ஒளி, நம்பிக்கை என்ற வகையில் பெயர் இருக்கும். சில வாசல்களில் வட்டத்துக்குள் முக்கோணம் போட்ட சின்ன அட்டை தொங்கும். அவ்வளவுதான் விளம்பரம்.

போனில் பேசுவது

எண் கிடைத்த பிறகு அதை அழுத்துவதுதான் பெரிய வேலை. நான் மூன்று தடவை ரிங் போகும் முன்பே வைத்திருக்கிறேன். என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டிருக்காதீர்கள். இரண்டு வாக்கியம் போதும்: "மீட்டிங் விவரம் வேணுங்க. எனக்குத்தான்." இரண்டாவது வாக்கியத்தை விழுங்கிவிட்டு "என் ஃபிரண்டுக்கு" என்று சொன்னாலும் எதிர்ப்பக்கம் இருப்பவருக்குப் புரியும். அவரும் ஒரு காலத்தில் ஃபிரண்டுக்காகப் போன் பண்ணியவர்தான்.

கேட்க வேண்டியதில் முதல் கேள்வி, "போன வாரம் அந்தக் கூட்டம் நடந்ததா?" இதை விட்டுவிட்டு மற்றதைக் கேட்டுப் பயனில்லை. அப்புறம் கிழமை, நேரம், இடத்துக்குப் பக்கத்தில் அடையாளம், திறந்ததா மூடியதா, பேச்சு தமிழிலா மலையாளத்திலா. கடைசியாக, "வாசல்ல யாராவது நிப்பாங்களா?" என்று கேளுங்கள். பெரும்பாலும், "நானே நிக்கறேன், பஸ் இறங்கினதும் கூப்பிடுங்க" என்பார்கள். அப்படியே நிற்கவும் செய்வார்கள்.

குடித்துவிட்டுப் போன் பண்ணலாமா? பண்ணலாம். நிதானத்தில் இருக்கும்போது பண்ணுவேன் என்று காத்திருந்தவன் நான், அந்த நிதானம் வரவே இல்லை. ஆனால் அன்றைக்குச் சொன்ன விலாசத்தை ஒரு காகிதத்தில் எழுதி மொபைல் கவருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் மறந்திருக்கும்.

எந்தக் கிழமை, எந்தப் பக்கம்

பக்கத்துக் கூட்டத்தைவிட சரியான நேரத்துக் கூட்டம் முக்கியம். நீங்கள் எந்த நேரத்தில் குடிக்க ஆரம்பிப்பீர்களோ அந்த நேரத்தில் நடக்கிற கூட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். எனக்கு மாலை ஐந்தரையிலிருந்து ஏழு. தோப்பு வேலை முடிந்து கூலி கைக்கு வந்து, வீட்டுக்குப் போக மனசில்லாத நேரம். அந்த ஒன்றரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து கழிந்துவிட்டால் ராத்திரியை எப்படியாவது ஓட்டிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை காலைக் கூட்டம் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஆனால் ஞாயிறு காலையில் நான் குடித்ததே இல்லை.

ஆரம்பத்தில் 90 நாளில் 90 கூட்டம் என்று ஏ.ஏ.வில் ஒரு பேச்சு உண்டு. மாநகரத்தில் முடியும். இங்கே ஓர் ஊரில் வாரத்துக்கு ஒன்று இரண்டு நடந்தாலே பெரிது. அதற்குத்தான் எல்லையைப் பயன்படுத்திக்கொள்ளச் சொல்கிறேன். பொள்ளாச்சி பாலக்காடு ரோட்டில் இரண்டு மாநில பஸ்ஸும் ஓடுகிறது. கிடைக்கிற பட்டியலை வைத்துக்கொண்டு செவ்வாய் இந்தப் பக்கம், வியாழன் அந்தப் பக்கம், சனி கோயம்புத்தூர் என்று உங்களுக்கென்று ஒரு வாரம் போட்டுப் பாருங்கள். கூட்டத்துக்காக 40 கிலோமீட்டரா என்று மனைவி கேட்டாள். ஒன்றாம் தேதி குவார்ட்டருக்காக எத்தனை கிலோமீட்டர் போயிருப்பேன் என்று அவளே கணக்குப் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிட்டாள்.

கடைசி பஸ் நேரத்தைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். கூட்டம் நடக்கும் இடத்துக்கு பார் வாசல் வழியாகத்தான் போக வேண்டுமென்றால் ஒரு ஸ்டாப் முன்னாடி இறங்கிச் சுற்றி நடங்கள். ஒன்றாம் தேதியும் சம்பள நாளும் கட்டாயம் கூட்டம் இருக்கிற நாளாகப் பார்த்துக்கொள்வது நல்லது.

முதல் நாள்

ஆறாம் வகுப்பு அறை. பெஞ்சு பிள்ளைகளுக்கானது, உட்கார்ந்தால் முழங்கால் மேசையில் இடித்தது. கரும்பலகையில் பின்னக் கணக்கு அழிக்காமல் இருந்தது, மூன்றில் ஒன்றும் நாலில் ஒன்றும் கூட்டினால் எவ்வளவு என்று. கூட்டம் முடியும்வரை அதையே போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்தவரை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. நான் தினமும் போகிற பிரைவேட் பஸ்ஸின் கிளி. படியில் தொங்கிக்கொண்டு ஆள் கூப்பிடுகிற அதே ஆள். பல ராத்திரி என் சட்டையைப் பிடித்து இழுத்து என் ஸ்டாப்பில் இறக்கிவிட்டிருக்கிறார். திரும்பிப் பார்த்து, "சேட்டா, சாயா குடிச்சோ?" என்றார். அவ்வளவுதான். வந்துவிட்டாயா, இப்போதாவது புத்தி வந்ததா என்ற கேள்வி எதுவும் இல்லை.

ஒருவர் கூட்டத்தை நடத்துவார். அவர் தலைவர் இல்லை, அந்த வாரத்து முறைக்காரர். சில பக்கங்கள் வாசிப்பார்கள். அப்புறம் ஒவ்வொருவராகப் பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கித் தன் கதையைச் சொல்வார்கள். ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கே புகுந்து புத்தி சொல்வதில்லை. இது எனக்குப் பெரிய ஆறுதல், ஊரில் புத்தி சொல்லாத வாயே இல்லை. உங்கள் முறை வந்தால் பேசித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. "இன்னைக்குக் கேட்டுக்கறேன்" என்றால் தலையாட்டிவிட்டு அடுத்தவருக்குப் போய்விடுவார்கள். முழுப் பெயர், ஊர், சாதி, வேலை எதையும் சொல்ல வேண்டாம்.

இடையில் ஒரு துணிப்பை சுற்றி வரும். வாடகைக்கும் டீக்கும் அதுதான். புதிதாக வந்தவர் போட வேண்டாம் என்பார்கள். ஏ.ஏ. வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை. முடிவில் எழுந்து நின்று ஒரு சின்னப் பிரார்த்தனை. கடவுள் என்ற பேச்சு வரும், அது உறுத்தினால் விட்டுவிடுங்கள். எங்கள் அறையில் திருநீறு பூசியவர், தொப்பி போட்டவர், சிலுவை மாட்டியவர், கட்சிக்காரத் தோழர் எல்லோரும் இருக்கிறார்கள். ஏ.ஏ.வில் சொல்கிற 'தமக்கு மேலான சக்தி' என்பதைத் தோழர் "இந்த பெஞ்சு" என்று வைத்துக்கொண்டிருக்கிறார்.

யாராவது பார்த்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் எல்லோருக்கும் பயம். சரி, வேட்டி அவிழ்ந்து பஸ் ஸ்டாண்டில் கிடந்தபோது யார் பார்க்கவில்லை? இருந்தாலும் பயம் நியாயமானது, அதற்கு ஏற்பாடும் இருக்கிறது. அங்கே யாரைப் பார்த்தோம், என்ன கேட்டோம் என்பதை வெளியே சொல்வதில்லை. கல்யாண வீட்டில் கிளியைப் பார்த்தால், "உங்களைத் தெரியுமே, வியாழக்கிழமை" என்று நான் சொல்லக் கூடாது. அவரும் சொல்ல மாட்டார். சின்ன ஊரில் இது ஓட்டையே இல்லாத ஏற்பாடு என்று சத்தியம் பண்ண மாட்டேன். அதனால்தான் பலர் பக்கத்து ஊர்க் கூட்டத்துக்கு, எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கூட்டத்துக்குப் போகிறார்கள்.

மொழி

எருத்தேம்பதி, வடகரப்பதிப் பக்கத்தில் வீட்டில் தமிழ், ஆபீசில் மலையாளம். கேட்டால் புரியும். ஆனால் மனசுக்குள் இருப்பதை, பெண்டாட்டியின் தாலியை அடகு வைத்ததை, மலையாளத்தில் சொல்ல வருமா? எனக்கு வரவில்லை. முதல் மாதம் மலையாளக் கூட்டத்தில் வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள், தமிழிலேயே பேசட்டுமா என்றேன். "பறஞ்ஞோ, மனசிலாகும்" என்றார்கள், சொல்லு, புரியும் என்று. அன்றிலிருந்து பாதிப் பேர் தமிழில் கலந்து பேசுகிறார்கள். ஆகவே மொழி ஒத்துவராது என்று ஒரு கூட்டத்தைத் தள்ளாதீர்கள், கேளுங்கள். ஏ.ஏ. புத்தகங்களும் துண்டுப் பிரசுரங்களும் தமிழில் உண்டு. பொள்ளாச்சி, கோவைப் பக்கம் போகும்போது குழுவில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

பெண்களுக்கும், வீட்டாருக்கும்

குடிக்கிற பெண்கள் இந்தப் பக்கத்தில் இல்லை என்று நினைப்பவர்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. அவர்களுக்குக் கூட்டம் தேடுவது இரண்டு மடங்கு கஷ்டம், அறையில் இருபது ஆண்கள் இருப்பார்கள். ஏ.ஏ. உதவி எண்ணில் பெண் உறுப்பினரோடு பேச வேண்டும் என்று கேளுங்கள். ஜூம் வழியாகப் பெண்களுக்கென்றே கூட்டங்கள் நடக்கின்றன. கேமராவை அணைத்து வைக்கலாம். மறக்காமல் திரையில் தெரியும் பெயரை மாற்றிவிடுங்கள், பல போனில் முழுப் பெயரும் அப்படியே வரும்.

வீட்டாருக்குத் தனி அமைப்பு உண்டு, அல்-அனான். 1951இல் ஏ.ஏ.காரர்களின் மனைவிமார் தொடங்கியது. பதின்வயதுப் பிள்ளைகளுக்கு அலட்டீன். குடிக்கிறவர் நிறுத்தினாலும் நிறுத்தாவிட்டாலும் வீட்டார் போகலாம், அதுதான் அதன் விசேஷம். என் மனைவி என்னைவிட ஐந்து மாதம் முன்பே போக ஆரம்பித்துவிட்டாள். எங்கே போகிறாள் என்று நான் சந்தேகப்பட்டுச் சண்டை போட்டேன். அவள் பாட்டிலைத் தேடி ஒளித்து வைப்பதையும், வேலைக்கு வரவில்லை என்று முதலாளியிடம் எனக்காகப் பொய் சொல்வதையும் நிறுத்திவிட்டாள். அப்போதுதான் எனக்குப் பயமே வந்தது.

அடித்தால், பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் கூட்டத்துக்கெல்லாம் காத்திருக்கக் கூடாது. பெண்கள் உதவி எண் 181.

ஒரு கூட்டத்தோடு முடிவு கட்டாதீர்கள்

ஒவ்வொரு குழுவும் ஒவ்வொரு விதம். ஒன்றில் பழைய ஆட்கள் மூன்று பேர் மணிக்கணக்கில் பேசுவார்கள். இன்னொன்றில் சிரிப்புச் சத்தம் ரோடு வரை கேட்கும். அல்-அனானில் குறைந்தது ஆறு கூட்டம் பார்த்துவிட்டு முடிவு பண்ணச் சொல்வார்கள், ஏ.ஏ.வுக்கும் அது நல்ல கணக்கு. பிடித்த குழுவில் வழிகாட்ட ஒருவரை, ஸ்பான்சர் என்பார்கள், நீங்களாகத்தான் கேட்க வேண்டும். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். பேச்சில் கெட்டிக்காரரைப் பார்க்காதீர்கள், போன் எடுக்கிறவரைப் பாருங்கள்.

இரண்டு எச்சரிக்கை. டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்து, அதுவும் போதைதான் என்று எந்த உறுப்பினராவது சொன்னால் கேட்காதீர்கள். டாக்டர் வேலை பார்ப்பது ஏ.ஏ.வின் வேலை இல்லை. அப்புறம், குழுவுக்குள் கடன் கொடுக்கல் வாங்கல் வேண்டாம். இரண்டாயிரம் ரூபாய் கைமாற்றால் ஒரு நல்ல ஆள் கூட்டத்துக்கே வராமல் போனதைப் பார்த்தேன்.

திரும்பக் குடித்துவிட்டால்? ஓணத்துக்கு முந்தின நாள் நான் குடித்தேன், ஏழு மாதத்துக்குப் பிறகு. அடுத்த வியாழக்கிழமை வாசல்வரை போய்விட்டுத் திரும்பப் பார்த்தேன். கிளி விசில் அடித்தார், பஸ்ஸை நிறுத்த அடிக்கிற அதே விசில். உள்ளே போய், "ஒன்றாம் நாள்" என்றேன். எண்ணிக்கையை முதலிலிருந்து ஆரம்பிக்கிறவர்களை அங்கே ஏற இறங்கப் பார்ப்பதில்லை. போதையோடு போனால் பேசாமல் உட்காரச் சொல்வார்கள், துரத்த மாட்டார்கள்.

பக்கத்தில் கூட்டமே இல்லையென்றால்

தேடியும் பஸ் போகிற தூரத்தில் ஒன்றும் இல்லையென்றால் முதலில் ஜூம் கூட்டம். தமிழிலும் மலையாளத்திலும் நடக்கிறது, உதவி எண்ணில் கேட்டால் இணைப்பு அனுப்புவார்கள். தோப்பில் சிக்னல் கிடைக்கிற வரப்பில் உட்கார்ந்து கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அப்புறம் நீங்களே ஆரம்பிக்கலாம். குடியை நிறுத்த வேண்டும் என்று இரண்டு மூன்று பேர் கூடினால் அதுவே ஒரு குழு என்பது ஏ.ஏ.வின் பழைய வழக்கம். யாரிடமும் உத்தரவு வாங்க வேண்டாம். பக்கத்து ஊர்க் குழுவில் சொன்னால் முதல் சில வாரம் இரண்டு பேர் வந்து உட்காருவார்கள், வாசிக்கும் பக்கங்களும் கொடுப்பார்கள். ஓர் அறை, வாரத்தில் ஒரே கிழமை, ஒரே நேரம். யாரும் வராவிட்டாலும் அந்த நேரத்துக்குத் திறந்து வைக்க வேண்டும், அது மட்டும்தான் சட்டம். நான் போய் நின்ற பூட்டிய கேட் ஞாபகமிருக்கிறதல்லவா.

எங்கள் குழுவில் சாவி மாதத்துக்கு ஒருவரிடம். இந்த மாதம் என்னிடம் இருக்கிறது. வியாழக்கிழமை ஐந்தேகாலுக்கே போய்விடுவேன், கரும்பலகையை அழிக்காமல் பெஞ்சை மட்டும் சரி பண்ணிவிட்டு வாசலில் நிற்பேன்.